கம்பூட்ஸ் இந்த மண்ணுக்கு ஆகாதா?

தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்ய நீர் புகாத பூட்ஸ் தேவையில்லை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. வெறுங்காலோடு மண்ணை மிதிப்பதே உடம்புக்கு நல்லது என்கிறார்கள் சிலர். சோறு போடும் நிலத்தில் செருப்புக் காலோடு இறங்குவது அந்த மண்ணை அவமதிப்பது என்கிறார்கள் வேறு சிலர். கம்பூட்ஸ் குளிர்நாட்டுச் சரக்கு, இங்கே போட்டால் வெயிலில் கால் வெந்துபோகும், சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று அனுபவத்தின் பேரில் சொல்வோரும் உண்டு. இயற்கை வேளாண்மை பேசுவோர், புதிதாக மாடித்தோட்டம் போட்ட நகரத்தார், பரம்பரையாக உழுதுவரும் குடும்பத்தார் என எல்லோரும் இதில் ஒரே குரலில் பேசுவதால், எதிர்த்துக் கேட்க ஆளில்லாத கருத்தாக இது நிலைத்துவிட்டது. வெறுங்கால் நலம் என்பது தவறு. அது மரபு என்பது பாதி வரலாறு. வெயிலையும் சேற்றையும் பற்றிய புகாரில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பழி வேலைக்குப் பொருந்தாத பூட்ஸை வாங்கியவர் மேல் போக வேண்டியது.

வெறுங்கால் வேலை காலை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ் மொழியே முதல் சாட்சி. சேற்றுப்புண் என்ற சொல்லை எந்த மருத்துவரும் உருவாக்கவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர்கள், தங்கள் கால்விரல் இடுக்கைப் பார்த்து வைத்த பெயர் அது. ஈரத்தில் ஊறி வெளுத்த தோலில் பூஞ்சை பிடித்து, வெடித்து, அரித்து, இரவில் தூங்கவிடாது. அதற்கு மருதாணி அரைத்துப் பூசுவதும், மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவதும் கிராமத்து வீடுகளில் இன்றும் தொடர்கின்றன. பித்தவெடிப்பு, காலாணி, முள் ஏறிப் புரையோடிய புண் என்று பாதத்தின் துன்பங்களுக்கு வரிசையாகப் பெயர் வைத்த சமூகம் இது. நாற்று நட்டே வயதான ஒரு மூதாட்டியின் பாதத்தை அருகில் பார்த்தவர் எவரும், மண்ணை மிதித்தால் கால் நலமாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட மாட்டார்.

மதுரையின் பெயரைத் தாங்கிய நோய் ஒன்றும் மருத்துவ நூல்களில் இருக்கிறது. மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1842-ல் அதைப் பதிவு செய்தார். அதனால் அது ‘மதுரைக் கால்’ என்றே அறியப்பட்டது. 1860-ல் வாண்டைக் கார்ட்டர் அதற்கு மைசெட்டோமா என்று பெயரிட்டார். மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ, முள் குத்திய சின்னத் துளை வழியே பாதத்துக்குள் போய்த் தங்குகிறது. முதலில் வலி பெரிதாக இருக்காது என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பாதம் வீங்கிப் புடைத்து, பல துளைகளில் சீழும் குருணை போன்ற மணிகளும் வெளிவரும். எலும்பு வரை அரித்துவிட்டால் காலையே எடுக்க நேரும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இதற்குத் தடுப்பூசி இல்லை. முள் பாதத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே தடுப்பு.

கொக்கிப்புழுவுக்கு முள் குத்திய துளைகூட வேண்டியதில்லை. மனித மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் அதன் இளம்புழு, நல்ல தோலையே துளைத்து உள்ளே போய்விடும். கெய்ரோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ், புழுக்கள் இருந்த நீர் தன் கையில் சிந்திய இடத்தில் அரிப்பு கண்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையின் தோட்டங்களுக்கு வந்தபோது, கொக்கிப்புழுவால் ரத்தம் குன்றிக் கிடந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். கழிப்பறைகள் பெருகிய பின் இந்த ஆபத்து குறைந்திருப்பது உண்மை. ஆனால் நாயும் பூனையும் மண்ணைக் கிளறி மலம் கழிக்கும் வீட்டுத் தோட்டத்தில் அவற்றின் கொக்கிப்புழு அப்படியேதான் இருக்கிறது. மனிதத் தோலுக்குள் வழி தெரியாமல் அலையும் அந்தப் புழு, பாதத்தில் சிவந்த வளைகோடுகளாக நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும்.

எலிக்காய்ச்சல் இதைவிட வேகமானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, வெட்டுப்பட்ட தோல் வழியாகவும் ஊறி நைந்த தோல் வழியாகவும் உடலுக்குள் போகிறது. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அது தாக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இலங்கையில் 2008-ல் பரவிய எலிக்காய்ச்சலில் 7,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சுமார் 200 பேர் இறந்தனர். நெல்வயலில் இறங்கியவர்கள் அவர்களில் ஏராளம்.

பாம்புக்கடியின் கணக்கு இவை எல்லாவற்றையும் சிறிதாக்கிவிடுகிறது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று இறப்புகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலோர் கிராமத்தார். கடிபடும் இடம் பெரும்பாலும் பாதமும் கணுக்காலும் கெண்டைக்காலும்தான். கண்ணாடி விரியன் காய்ந்த சருகில் அசையாமல் கிடக்கும். மிதித்த பிறகே இருப்பது தெரியும். இயற்கை வேளாண்மையில் மிகவும் போற்றப்படும் மூடாக்கும், மட்கு குவியலும், வரப்போரத்துப் புல்லும் எலிக்கு நல்ல வீடு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். மண்ணைச் சருகால் மூடச் சொல்பவர்களே அந்தச் சருகில் வெறுங்காலோடு நடக்கவும் சொல்வது பெரும் பிழை. பூட்ஸ் பாம்புக்கடியை முற்றாகத் தடுக்கும் கவசம் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. விரியனின் நீண்ட பல் மெல்லிய ரப்பரைத் துளைக்கலாம். எனினும் தோலுக்கும் பல்லுக்கும் நடுவே தடித்த ரப்பரும் காற்றிடைவெளியும் காலுறையும் இருந்தால், பல் ஆழமாகப் பதியும் வாய்ப்பு பெரிதும் குறையும்.

இனி நீரிழிவு. 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுள்ளோர் 10.1 கோடி பேர். ஓய்வுபெற்ற பின் தோட்டம் போடும் வயதினரில் இவர்கள் நிறைய. பல ஆண்டு நீரிழிவில் பாதத்தின் உணர்வு மங்கும். கண்ணாடிச் சில்லு ஏறியதோ முள் ஒடிந்து உள்ளே நிற்பதோ தெரியாது. வெறுங்காலில் நடக்கவே வேண்டாம், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள் என்று நீரிழிவு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதே மனிதருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், காலை வெயிலில் வெறுங்காலோடு மண்ணில் நின்றால் சர்க்கரை குறையும் என்று ஆலோசனை சொல்கிறார். அந்த ஆலோசனைக்கு விலையாகக் கால் போகக்கூடும்.

வெறுங்கால் வாதத்துக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தென்னிந்தியாவில் 2,300 குழந்தைகளிடம் நடத்தி 1992-ல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளிடம் தட்டைப்பாதம் கூடுதலாகவும், வெறுங்காலில் வளர்ந்தவர்களிடம் குறைவாகவும் இருப்பதைக் காட்டியது. அது நல்ல ஆய்வு, உலகெங்கும் எடுத்தாளப்படுவது. ஆனால் அது பேசுவது வளரும் குழந்தையின் பாத வளைவைப் பற்றி. வீட்டிலும் முற்றத்திலும் குழந்தை வெறுங்காலில் ஓடி விளையாடட்டும் என்பதற்கு அது சான்று. நாற்பது வயதுக்காரர் கடப்பாரையோடு வேலியோரம் முள் வெட்டுவதற்கு அது சான்றாகாது.

மரபு என்ற வாதமும் இதே போலத்தான். சங்க இலக்கியத்தில் காலணிக்குத் ‘தொடுதோல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயனின் பாதத்தில் செருப்பு அழுந்திய வடு இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் திரிந்தவனுக்குக் காலணி தேவை என்பதை அந்தக் காலமே அறிந்திருந்தது. பின்னாளில் கால்களை வெறுமையாக வைத்ததில் வறுமைக்குப் பங்கு உண்டு. சாதிக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. ஆதிக்க சாதித் தெருவில் தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த ஊர்கள் இந்த மாநிலத்தில் இருந்தன. வயல் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்களும் அவர்களே. விரும்பி ஏற்காத, வன்முறையால் திணிக்கப்பட்ட வெறுங்காலை மண் மீதான பக்தி என்று இன்று பெயர் மாற்றிச் சொல்வது அநீதி. நிலத்தை வணங்க விரும்புபவர், பொன்னேர் பூட்டும் நாளில் காலணியைக் கழற்றிவிட்டு வணங்கலாம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆண்டின் மற்ற நாட்கள் வேலை நாட்கள்.

குளிர்நாட்டுச் சரக்கு என்ற குற்றச்சாட்டை ஆராய, அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கெடுத்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி அணிந்த, கம்பூட்ஸுக்கு ஆங்கிலத்தில் ‘வெலிங்டன்’ என்ற பெயரைத் தந்த பூட்ஸ் தோலால் ஆனது. சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தக் கற்ற பிறகு, ஹைரம் ஹட்சின்சன் 1853-ல் ஃபிரான்சில் ஆலை தொடங்கி ரப்பர் பூட்ஸ் செய்தார். அதை வாங்கியவர்கள் மரச்செருப்போடு சேற்றில் உழைத்துவந்த உழவர்கள். முதல் உலகப்போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்று கால் அழுகிய படைவீரர்களுக்காக நார்த் பிரிட்டிஷ் ரப்பர் நிறுவனம் 11 லட்சத்து 85 ஆயிரம் ஜோடிக்கு மேல் செய்து கொடுத்தது. ஆக, ஈரம்தான் இந்தக் காலணியின் பிறப்புக்குக் காரணம். ஈரம் சூடாக இருந்தாலும் கால் அழுகும்: வியட்நாம் போரில் நெல்வயல்களில் நடந்த அமெரிக்க வீரர்களுக்கு வந்த பாத நோய்க்கு ‘நெல்வயல் பாதம்’ என்றே பெயர். அவர்கள் காலில் இருந்த பூட்ஸில் நீர் புகுந்து, கால் ஈரத்திலேயே கிடந்தது. நீர் புகும் பூட்ஸ் காலைக் காக்காது என்பதற்கு அது சான்று.

அப்படியானால் இங்கே கம்பூட்ஸ் போட்டுப் பார்த்தவர்கள் ஏன் அதைத் தூக்கி மூலையில் போட்டார்கள்? அவர்கள் சொல்லும் காரணங்கள் பொய் அல்ல. ஐரோப்பியத் தோட்டக்காரர் நின்றுகொண்டு வேலை செய்பவர். நீளக் காம்புள்ள மண்வாரியைக் காலால் அழுத்தி மண்ணில் இறக்குவார். அதற்கு முழங்கால் வரை உயரமும், உள்ளங்காலுக்கு அடியில் விறைப்பான தகடும் வேண்டும். தமிழ்நாட்டில் களையெடுப்பவர் குந்தி உட்காருகிறார். குந்தும்போது முழங்கால் உயர பூட்ஸின் விளிம்பு முழங்காலின் பின்மடிப்பை அறுக்கும். இங்கே மண்ணை வெட்டுவது மண்வெட்டி. அது வெட்டுபவரின் பாதத்தை நோக்கியே இறங்கும் கருவி. காலால் அழுத்தும் வேலை அதில் இல்லை. கால்விரல் வெட்டுப்படும் ஆபத்தோ நிறைய. ஒரு வேலைக்கு வடிவமைத்ததை வேறு வேலைக்குப் போட்டால் அது கடிக்கத்தான் செய்யும்.

இதை ஜப்பான் புரிந்துகொண்டது. வைக்கோல் செருப்பிலும் வெறுங்காலிலும் வேலை செய்துவந்த நாடு அது. பின்னாளில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனத்தைத் தொடங்கிய இஷிபாஷி ஷோஜிரோ, 1923-ல் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த துணிக் காலுறைக்கு ரப்பர் அடி ஒட்டி ‘ஜிகாதாபி’ என்று விற்கத் தொடங்கினார். நாற்று நடவுக்கென்றே மெல்லிய ரப்பரில், பாதத்தையும் கணுக்காலையும் இறுகப் பற்றிக்கொள்ளும் நீள பூட்ஸும் அங்கே உண்டு. சேறு அதை எளிதில் உருவிவிடாது. நெல் விளையும் நாடு காலணியைத் தள்ளவில்லை, தன் சேற்றுக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொண்டது. உழுது சேறடித்த வயலில் சாதாரண கம்பூட்ஸ் உதவாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஒரு வேலையைக் காட்டி, காய்கறிப் பாத்தி, வாழைத்தோப்பு, தென்னந்தோப்பு, மாட்டுக்கொட்டில், வாய்க்கால் தூர்வாரல் என எல்லாவற்றிலிருந்தும் அதை விலக்கிவைப்பது மட்டும் நியாயமில்லை.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது உயரம். களையெடுப்பு, நாற்றங்கால் பராமரிப்பு, பறித்தல் போன்ற குந்தும் வேலைக்குக் கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்காலின் பாதி வரை வரும் பூட்ஸ் போதும்; மடக்கினால் உறுத்தாது, காற்றும் ஓரளவு போகும். வாய்க்காலில் இறங்கவும், கொட்டில் கழுவவும், முட்புதர் வெட்டவும் முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை வேண்டும். மாடித்தோட்டத்துக்குக் கணுக்கால் உயரமே அதிகம். ஆனால் மழைக்காலத்தில் பாசி படிந்த தளத்தில் ஹவாய் செருப்பு வழுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். போடவும் கழற்றவும் எளிதாக இருக்கட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்குகிறார்கள். கம்பூட்ஸுக்குக் கயிறு இல்லை. பாதத்தைப் பிடித்து நிறுத்துவது அதன் மேற்பாதப் பகுதியும் குதிகாலும் மட்டுமே. பெரிதாக இருந்தால் ஒவ்வோர் அடியிலும் குதிகால் மேலும் கீழும் உரசிக் கொப்புளம் போடும். சேறு அதைக் கழற்றி வைத்துக்கொள்ளும். சேற்றில் மாட்டுகிறது என்ற புகாரில் பாதி இந்த அளவுக் கோளாறுதான். நாள் முழுக்க நடந்து கால் சற்றே வீங்கியிருக்கும் மாலையில், வேலைக்குப் போடப்போகும் அதே பருத்திக் காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். வெறுங்காலில் வளர்ந்தவர்களின் பாதம் முன்புறம் விரிந்திருக்கும் என்பதால், நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் இறுக்கலாம். அப்போது அடுத்த அளவுக்குத் தாவாமல், முன்புறம் அகலமான வேறு வார்ப்பைத் தேட வேண்டும்.

பொருளைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: கனமாக இருந்தால் உறுதி என்பது. கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பிவிசி. அது சாணம், உரம், எண்ணெய் ஆகியவற்றைத் தாங்கும். ஆனால் விறைப்பு அதிகம், கால் மடங்கும் இடத்தில் நாளடைவில் வெடிக்கும். இயற்கை ரப்பர் வளைந்து கொடுக்கும், நடக்க இதமாக இருக்கும், வெயிலில் விட்டால் மட்டும் சீக்கிரம் கெடும். ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது போலவே ஒட்டலாம் என்பது அதன் பெரிய வசதி. பிவிசிக்கு அந்தப் பசை பிடிக்காது. பாலியூரித்தேன் எடை குறைவு, விலை கூடுதல், நாள் முழுக்க நடப்பவருக்கு அந்த விலை தகும். ஈவிஏ பஞ்சு போல இலேசானது. சீமைக்கருவேல முள் அதில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். நியோப்ரீன் உள்ளுறை கொண்ட வகை வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சரி, சமவெளிக்கு வேண்டாம். இந்தியத் தர நிர்ணயத்தில் ரப்பர் பூட்ஸுக்கு ஐஎஸ் 5557, பிவிசி பூட்ஸுக்கு ஐஎஸ் 12254 என்று தனித்தனி எண்கள் உள்ளன. அந்த முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்கலாம். மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிப்பவருக்கு விரல்மேல் எஃகுக் கவசம் உள்ளது வேண்டும். களை மட்டும் எடுப்பவருக்கு அது வீண் சுமை.

அடிப்பாகத்தில் களிமண் நிலத்துக்கு ஆழமான, இடைவெளி விட்ட கட்டைகள் தேவை. நெருக்கமான கோடுகளில் களிமண் அப்பிக்கொண்டு அடி வழுவழுப்பாகிவிடும். வழுவழுப்பான சிமென்ட் தளத்துக்கு அந்த நெருக்கமான கோடுகளே நல்லது.

வெயில் பற்றிய புகார் எஞ்சுகிறது. நீர் உள்ளே வராத பூட்ஸிலிருந்து வியர்வையும் வெளியே போகாது. இதை மறைப்பதில் பயனில்லை. நண்பகலில் நான்கு மணி நேரம் தொடர்ந்து போட்டிருந்தால் கால் ஊறும். ஆனால் தோட்ட வேலை பெரும்பாலும் விடியலிலும் மாலையிலும்தான் நடக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காலாற விடுவது, காலுறையை இடையில் மாற்றுவது, கழற்றி எடுக்கும் உள் அட்டையை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயவைப்பது ஆகிய மூன்றும் செய்தால் இந்தத் தொல்லை தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். வியர்வையில் ஊறிய காலை வீட்டில் கழுவித் துடைத்துவிடலாம். எலிக்காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்து தெளிக்கும் வேலையில் விவாதத்துக்கே இடமில்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், அதைக் கையாள்பவர்களுக்கான பாதுகாப்பு உடைகளில் பூட்ஸையும் சேர்த்தே சொல்கின்றன. தோல் பூட்ஸ் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிவிசியே ஏற்றது. பேண்ட்டைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே தொங்கவிட வேண்டும்; இல்லாவிட்டால் வழியும் மருந்து நேராக உள்ளே இறங்கிப் பாதத்தில் தேங்கும். அட்டைக்கடிக்குப் பயந்து வால்பாறைத் தேயிலைக் காட்டில் செருகிக்கொள்வது வேறு விஷயம்.

பராமரிப்பு எளிது. வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, நிழலில் இரண்டு குச்சி நட்டு அதில் கவிழ்த்துவைத்தால் போதும். மறுநாள் போடுமுன் தலைகீழாகத் தட்டிப் பார்ப்பது கட்டாயம். தேளும் பூரானும் இருட்டான இடத்தைத் தேடி உள்ளே போய்ப் படுத்திருக்கும்.

கூலி வேலையில் களையெடுப்பும் நடவும் பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கின்றன. கடையில் அடுக்கியிருப்பதோ ஆண்களின் அளவு. பாதத்துக்குப் பொருந்தாத ஆண்கள் பூட்ஸை ஒரு நாள் போட்டு, மறுநாள் கழற்றி எறிந்த பெண்ணைப் பார்த்து, ‘கொடுத்தாலும் போட மாட்டார்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. தோட்டத்துக்கு ஆள் வைத்திருப்பவர்கள் பூட்ஸை மொத்தமாக வாங்கி வந்து கொடுக்காமல், வேலை செய்பவரையே கடைக்கு அழைத்துச் செல்லட்டும். அவர் அதைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்து, அங்கேயே ஒருமுறை குந்தி எழுந்து, கடிக்கவில்லை என்று சொன்ன பிறகு பணத்தைக் கொடுக்கட்டும்.